பந்தை நிறுத்தத் தெரிந்தால் பாதி ஆட்டம்: பின்பால் கேள்வி–பதில்

கண்ணாடி மூடிய சாய்வான மேஜையில் உருண்டு வரும் எஃகுப் பந்தை, இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை அமுக்கி, கீழே விழாமல் மேலே அடித்து ஸ்கோர் சேர்ப்பதுதான் பின்பால். பழைய பின்பால், வீடியோ கேம் இயந்திரங்களைக் கயிறு கட்டி மறிக்காமல், வருகிறவர்கள் ஆடிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் மியூசியங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

மகன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கிறான். மே மாதம் போகிறோம். அங்கே பின்பால் மியூசியம் ஒன்று இருப்பதாக மருமகள் சொல்கிறாள். எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. போய் வேடிக்கை பார்ப்பதைத் தவிர என்ன செய்வது?
– நங்கநல்லூர் வாசகி

ஆடத்தான் போகிறீர்கள். ஓக்லண்டை ஒட்டிய அலமேடாவில் இருக்கும் பசிபிக் பின்பால் மியூசியத்தைத்தான் மருமகள் சொல்லியிருப்பார். வாசலில் கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே காசு போட வேண்டியதில்லை. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் பந்து வந்துவிடும். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. லாஸ் வேகஸில் உள்ள பின்பால் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு போட வேண்டும். முதல் தடவை ஆடுகிறவருக்கு ஒரு ஆட்டம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால், மொத்தமாகக் கட்டணம் வாங்கும் இடமே உங்களுக்கு லாபம். திறக்கும் நாளையும் நேரத்தையும் மட்டும் கிளம்பும் முன் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் திரையும் பொம்மையுமாக மின்னுகிற புது இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். வயது வரிசையில் ஆடுங்கள். முதலில் பக்கச் சட்டம் மரத்தில் இருக்கும் 1950களின் இயந்திரம். அடுத்து, உருளும் எண் சக்கரங்களில் ஸ்கோர் காட்டும் 1960, 70களின் இயந்திரம். இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஒரு மோட்டாரும்தான் கணக்குப் போடுகின்றன. பந்து ஒரு பம்பரை (பட்டதும் பந்தை எகிற வைக்கும் குமிழ்) தொட்டதும் 'டிங்' என்று நிஜ மணி அடிப்பதையும், அடியில் ரிலேக்கள் 'டக்டக்' என்று விழுவதையும் கேளுங்கள். 1970களின் பிற்பகுதியில் எலக்ட்ரானிக்ஸ் வந்தது. ஆரஞ்சு நிறப் புள்ளித் திரை வைத்தவை 1990களின் சரக்கு.

வயது வரிசையில் ஆடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழையவற்றில் ஆடுதளத்தின் சாய்வு மூன்றரை டிகிரி அளவில்தான் இருக்கும், புதியவற்றில் ஆறரை. சாய்வு குறைந்தால் பந்தின் வேகமும் குறையும், உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

பொருட்காட்சியில் வாங்கி வந்து பிள்ளைகள் ஆடுவார்களே, ஆணி அடித்து ஸ்பிரிங் கம்பி வைத்த பாகடெல் பலகை, பின்பாலுக்கு அதுதான் பாட்டி. ஸ்பிரிங் கம்பியால் பந்தைத் தள்ளிவிடும் ஏற்பாட்டுக்கு மான்டேக் ரெட்கிரேவ் 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். உங்களுக்கு இது புது விளையாட்டே இல்லை.

துபாயில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் ஆடினேன். மூன்று பந்தும் ஒரு நிமிஷத்துக்குள் நடுவில் இருக்கும் ஓட்டை வழியே போய்விட்டன. இதில் திறமைக்கு என்ன இருக்கிறது? அதிர்ஷ்டம்தானே?
– பெரம்பூர் வாசகர்

இரண்டு ஃபிளிப்பரையும், அதாவது பட்டனை அமுக்கினால் எழும்பிப் பந்தை அடிக்கும் கைகளையும், சேர்த்து அடித்திருப்பீர்கள். புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்வது அதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பும்போது நடு இடைவெளி அகலமாகிவிடுகிறது, பந்து அதற்குள் நேராக இறங்கிவிடுகிறது. பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்து பட்டனை மட்டும் அமுக்குங்கள்.

அடுத்து, பந்தை அடிக்கும் முன் நிறுத்தப் பழகுங்கள். ஆட்டத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. இடது ஓரத்துத் தடம் வழியே பந்து உருண்டு வருகிறது என்று வையுங்கள். இடது பட்டனை அமுக்கியபடியே பிடித்திருங்கள். ஃபிளிப்பர் மேல் நோக்கி நிற்கும், அதற்கும் தடத்துக்கும் நடுவே தொட்டில் மாதிரி ஒரு மூலை உண்டாகும், பந்து அதில் வந்து உட்காரும். இப்போது அவசரம் இல்லை. பலகையைப் பாருங்கள், எந்த அம்புக்குறி விளக்கு மினுக்குகிறது என்று தேடுங்கள். தேடியான பிறகு பட்டனை விடுங்கள். பந்து ஃபிளிப்பரின் மீதே அதன் நுனியை நோக்கி உருளும். நுனிக்குப் போன பிறகு அடித்தால் எதிர்ப் பக்கத்துக்குப் பாயும். கொஞ்சம் முன்னதாக அடித்தால் நடுவாக்கில் மேலே போகும். அடிப்பாகத்தில் இருக்கும்போதே அடித்தால் அதே பக்கத்து ஓரத்துக்குப் போகும். குறி தவறினால் சீக்கிரம் அடித்தோமா தாமதமாக அடித்தோமா என்று மனசில் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை அதைத் திருத்துங்கள். பத்து ஆட்டத்தில் கை பழகிவிடும்.

மூன்றாவது பாடத்தில் கையால் ஒன்றும் செய்யக் கூடாது. மேலிருந்து வேகமாக வரும் பந்து ஃபிளிப்பரின் நடுவில் விழப் போகிறது என்றால் பட்டனைத் தொடாதீர்கள். ரப்பரில் பட்டு எகிறி அடுத்த ஃபிளிப்பருக்குத் தானே தாண்டிப் போகும், வேகமும் குறைந்திருக்கும். அங்கே தொட்டில் கட்டிப் பிடித்துவிடலாம். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பகுதியில் ஓடும் படத்தைப் பந்து ஓடும்போது பார்க்கவே கூடாது. ஃபிளிப்பருக்குக் கீழே உள்ள உலோகத் தகட்டில் விதிகள் அச்சடித்த சின்ன அட்டை இருக்கும், அதை ஆரம்பிக்கும் முன்பே படியுங்கள். எந்த இலக்கை எத்தனை தடவை அடித்தால் பல பந்துகள் ஒன்றாக வெளியே வரும் என்று அதில் போட்டிருக்கும். முதல் நாளுக்கு அந்த ஒரு தகவலே தாராளம்.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, ஒரு காலத்தில் அது உண்மைதான். 1947இல் காட்லீப் நிறுவனம் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் ஃபிளிப்பரை வைக்கும்வரை, கம்பியை இழுத்து விட்ட பிறகு ஆடுகிறவர் கையில் இருந்ததெல்லாம் மேஜையை லேசாகத் தட்டுவது மட்டும்தான். சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் பின்பாலை 1942இல் தடை செய்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைக்கும் புகைப்படங்கள் இன்றும் மியூசியச் சுவர்களில் தொங்குகின்றன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபையினர் முன்னால் ஓர் இயந்திரத்தில் ஆடி, பந்தை எந்தத் தடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிக் காட்டினார். தடை விலகியது. ஃபிளிப்பர் வந்து 29 வருஷம் கழித்துத்தான் இது நடந்தது என்பது வேறு விஷயம்.

நான் ஆடும்போது லேசாக மேஜையை இடித்தேன். ஏதோ எழுத்து வந்து எல்லாம் அணைந்துவிட்டது. கெடுத்துவிட்டேனோ என்று பயந்து நகர்ந்துவிட்டேன்.
– கொளத்தூர் வாசகர்

கெடவில்லை, 'டில்ட்' ஆகியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு கம்பியில் கூம்பு வடிவ எடை தொங்கும், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. அதைச் சுற்றி ஒரு உலோக வளையம் இருக்கும். மேஜை அளவுக்கு மீறி ஆடினால் எடை வளையத்தில் படும், மின்சுற்று மூடும், ஃபிளிப்பர்கள் செயலிழக்கும். அந்தப் பந்தும் அதற்குச் சேர்ந்த போனஸும் போச்சு. அடுத்த பந்துக்கு எல்லாம் பழையபடி வேலை செய்யும். பின்னாளைய இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு எச்சரிக்கை கொடுத்துவிட்டு மூன்றாவதில்தான் அணையும். பழையவை எச்சரிப்பதில்லை. காசு போடும் கதவைக் காலால் உதைத்தால் மட்டும் முழு ஆட்டமே ரத்தாகும், அதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறது.

மேஜையை அசைப்பது தப்பாட்டம் இல்லை. கேரம் போர்டில் பலகையைத் தட்டினால் சண்டை வரும், இங்கே அது ஆட்டத்தின் ஒரு அங்கம். உள்ளங்கையின் அடிப்பகுதியை முன்சட்டத்தில் வைத்து, பந்து ஒரு ரப்பரைத் தொடும் அதே கணத்தில் ஒரு சின்ன உந்து கொடுங்கள். தொடும் முன்னாலோ பின்னாலோ இடித்தால் பந்துக்கு ஒன்றும் ஆகாது, எடை மட்டும் ஆட ஆரம்பிக்கும். எடை ஆடி நிற்கச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் இரண்டாவது தடவை இடிப்பதால்தான் பலருக்கும் டில்ட் விழுகிறது. மேஜையைத் தூக்கிப் போடுவது மட்டும் எங்கேயும் கூடாது.

ஏழு வயதுப் பேரனைக் கூட்டிப் போகலாமா?
– மடிப்பாக்கம் வாசகர்

போகலாம். முன்சட்டம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ஆகவே ஸ்டூல் வேண்டும். இருக்கிறதா என்று வரவேற்பில் கேளுங்கள். ஒரு பட்டன் அவனுக்கு, ஒரு பட்டன் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டு ஆடினால் இருவருக்கும் ரசிக்கும். பல இயந்திரங்களில் ஸ்டார்ட் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம், நான்கு தடவை என்றால் நான்கு பேர். சத்தம் அதிகம், விளக்குகள் படபடவென்று மின்னும். வெளிச்சம் மின்னினால் வலிப்பு வரக்கூடிய குழந்தை என்றால் தவிர்ப்பது நல்லது. கண்ணாடி மேல் ஜூஸ் டம்ளர் வைக்க விடாதீர்கள். கண்ணாடி ஓரத்தில் வழிந்தால் நேரே மரப் பலகையில்தான் போய் நிற்கும்.

வீடியோ கேம் பகுதியில் இன்னும் பழைய குண்டு டிவித் திரைகளையே வைத்திருக்கிறார்களே, ஏன்? போனில் படம் எடுத்தால் கறுப்புப் பட்டையாக வருகிறது.
– திருவான்மியூர் வாசகி

பட்டையில் தொடங்குவோம். அந்தத் திரை முழுப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டுவதில்லை. ஒரு எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வரிவரியாக, விநாடிக்குச் சுமார் 60 தடவை வரைந்துகொண்டே இருக்கிறது. போன் அதைவிட வேகமாக ஷட்டரை மூடினால், வரையாத பாகம் கறுப்பாக விழுகிறது. கேமராவில் புரோ வசதி இருந்தால் ஷட்டரை 1/60 அல்லது 1/30 விநாடியில் வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள்.

திரையை மாற்றாததற்குக் காரணம், அந்தப் படங்கள் அந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை என்பதுதான். குழாய்த் திரையில் ஒரு புள்ளியின் ஓரம் பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கலக்கும். எல்.சி.டி.யில் அதே படம் கட்டம் கட்டமாகத் தெரியும். 1979இன் 'ஆஸ்டிராய்ட்ஸ்' இன்னும் ஒரு படி தனி. அதில் வரிகளே கிடையாது, கற்றை பேனா மாதிரி நேராகக் கோடு இழுக்கிறது. கப்பல் சுடும் குண்டு இருட்டில் சுடர்ப் பொறி மாதிரி தெரியும். அந்த வெளிச்சத்தை வேறு எந்தத் திரையிலும் பார்க்க முடியாது. மியூசியத்தில் தவறாமல் ஒரு முறை ஆட வேண்டியது இது.

1978இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இருந்தால் இதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 55 வேற்றுக்கிரகவாசிகள் மந்தமாக நகர்வார்கள். சுடச் சுட வேகம் கூடும், கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இந்த வேகம் திட்டம் போட்டு வைத்ததல்ல. உள்ளே இருக்கும் 8080 சில்லுக்கு 55 பேரையும் வரைந்து முடிக்க நேரம் பிடித்தது, ஆள் குறையக் குறைய வேலை சீக்கிரம் முடிந்தது. ஆட்டத்தை உருவாக்கிய நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், ஆட்டத்தின் படபடப்பே அதில்தான் இருக்கிறது.

சென்னையில் இப்படி ஓர் இடம் உண்டா?
– அம்பத்தூர் வாசகர்

மால்களின் கேம் சென்டர்களில் கார்டு தேய்த்து டிக்கெட் சேர்க்கிற இயந்திரங்கள்தான் அதிகம். பின்பால் கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். தொட்டுப் பார்த்து அறிவியல் கற்கும் காட்சிகள் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போங்கள். சாய்தளமும் ஊசலும் மின்காந்தமும் புரிந்தால் பின்பால் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மைத்துனர் வில்லியம்ஸ் கம்பெனியின் 1990களின் பின்பால் ஒன்றைக் கன்டெய்னரில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கியிருக்கிறார். இன்னும் பிளக் சொருகவில்லை. எப்படி ஓட்டுவது? பெசன்ட் நகர் உப்புக்காற்றில் தாங்குமா?
– பெசன்ட் நகர் வாசகர்

பிளக் சொருகாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். அது 115 வோல்ட்டுக்கு அமைத்திருக்கும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெளியே 230–115 ஸ்டெப்–டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது. 1000 வி.ஏ. இருந்தால் நிம்மதி. ஹேர் டிரையருக்கு விற்கும் சின்ன எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் வேண்டாம், அது அலையை வெட்டிக் கொடுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். இன்னொன்று, இயந்திரத்தின் அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் ஜம்பர் கம்பிகளைக் கையேட்டின்படி 230க்கு மாற்றுவது. இப்படி மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். மின்வரவில் இருக்கும் வட்ட வில்லை போன்ற வேரிஸ்டர் (மின்னழுத்தம் எகிறினால் காக்கும் பாகம்) 130 வோல்ட் வகை. அதை 275 வோல்ட் வகைக்கு மாற்றாவிட்டால் சுவிட்ச் போட்ட உடனே ஃபியூஸ் போகும். மெயின் ஃபியூஸின் ஆம்பியர் அளவையும் 230க்கு உரியதாக மாற்ற வேண்டும். எர்த் சரியாக இருக்கும் மூன்று முனை பிளக்கில் மட்டும் சொருகுங்கள். கால், பக்கச் சட்டம், காசுக் கதவு எல்லாமே இரும்பு, கை எப்போதும் அதில்தான் இருக்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன் இன்னொரு வேலை. தலைப்பெட்டியைத் திறந்தால் சி.பி.யு. பலகையில் மூன்று பென்சில் செல் இருக்கும். கசிந்திருந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அந்தக் காரம் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். செல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தமான தண்ணீரால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் காயவிடுங்கள். கசியாமல் இருந்தாலும் செல் ஹோல்டரைக் கம்பி நீட்டி, பலகைக்கு வெளியே தொங்க விடுவதே புத்திசாலித்தனம்.

ஃபிளிப்பர் பலவீனமாக அடித்தால் உடனே காயிலை, அதாவது ஃபிளிப்பரை இழுக்கும் மின்காந்தச் சுருளை, குறை சொல்லாதீர்கள். காயிலில் இரண்டு சுற்று உண்டு. அடிக்கும் சுற்று 4, 5 ஓம் மட்டுமே இருக்கும். பிடித்து நிறுத்தும் சுற்று 100 ஓமுக்கு மேல் இருக்கும். மீட்டரில் இரண்டும் சரியாக வந்தால் கோளாறு வேறெங்கோ. பெரும்பாலும் காயிலுக்குள் இருக்கும் நைலான் குழல் தேய்ந்திருக்கும், அல்லது இரும்புத் தண்டின் நுனி அடிபட்டுக் காளான் தலை மாதிரி விரிந்து குழலில் உரசும். குழலை மாற்றுங்கள், நுனியை அரத்தால் சீராக்குங்கள். எண்ணெய் விடாதீர்கள். டபிள்யூ.டி.–40 கூடவே கூடாது, அது தீப்பற்றும், தூசியோடு சேர்ந்து பிசினாகும்.

ஃபிளிப்பர் முழுக்க எழும்பிய இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 1992க்கு முந்திய இயந்திரம் என்றால் இந்தச் சுவிட்ச் மூடியே இருந்து, ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் சுமார் 3 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அடிக்கும் சுற்றில் மின்சாரம் நிற்காமல் ஓடி, காயில் கருகும். கான்டாக்ட் கரி பிடித்தால் ஃபிளிப்பர் சோர்ந்துபோகும், அதைச் சின்ன அரத்தால் தேய்க்கலாம். மற்ற சுவிட்சுகள் தங்க முலாம் பூசியவை, அரம் பட்டால் முலாம் போய்விடும். அவற்றுக்கு ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் நுழைத்து, விரலால் லேசாக அழுத்தி இழுத்தால் போதும்.

அரை மணி ஆடிய பிறகுதான் சோர்கிறது என்றால் அது சூடு. செம்பின் தடை டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். காயில் 50 டிகிரி சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு தடை கூடிவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தால் இது நிச்சயம். டையோடும் ஃபியூஸும் ரிச்சி தெருவில் கிடைக்கும். காயில் ஃபியூஸ் வாங்கும்போது தாமதமாக உருகும் 'ஸ்லோ புளோ' என்று கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஆம்பியரைக் கூட்டிப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், கம்பி எரியும்.

உப்புக்காற்று முதலில் பந்தைத்தான் பிடிக்கும். பந்து 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகு. துருப்புள்ளி விழுந்த பந்து ஆடுதளத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்து, ஓவியத்தை உரித்துவிடும். மாதம் ஒரு தடவை பந்தை எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் மாற்றிவிடுங்கள். பாரிமுனை பேரிங் கடையில் 1 1/16 அங்குலக் குண்டு கேட்கலாம். ஆனால் சில பேரிங் குண்டுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டும், அப்போது ஒரு பந்து போக வேண்டிய இடத்தில் இரண்டு போகும். அடியில் மின்காந்தம் உள்ள இயந்திரத்துக்கு பின்பாலுக்கென்றே விற்பதை வரவழைப்பது மேல்.

ஆடுதளத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், பிளைவுட் உப்பும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் கறுப்புத் தூசியைத் துடைத்துவிட்டு, அரைப்புத் துகள் கலக்காத கார்னாபா மெழுகை மெல்லப் பூசிப் பளபளப்பாக்குங்கள். கேரம் பவுடர் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். கேரம் காய் பலகையில் வழுக்க வேண்டும், அதற்குப் பவுடர் தேவை. இங்கே பந்து உருளுகிறது. பவுடர் ஓட்டைகள் வழியே இறங்கிச் சுவிட்சுகளில்தான் போய்ப் படியும்.

வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள், உள்ளே ஈரம் தங்காது. கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தரைத்தளம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கண் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் அடித்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, தரைக்கும் அதற்கும் உயரம் அதிகமில்லை.

மாடிக்கு ஏற்றுவதானால் எடை 110 முதல் 135 கிலோ வரும், மூன்று பேர் வேண்டும். தலைப்பெட்டியை முன்னால் மடக்கிப் பட்டையால் கட்டி, கால்களைக் கழற்றி, பின்புறம் கீழே வரும்படி நிமிர்த்தித் தூக்குங்கள். இதற்கெல்லாம் முன்னால் பந்துகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளேயே விட்டால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பிளாஸ்டிக்கை உடைத்துக்கொண்டே வரும்.